பிளேட்லெட் இருக்கட்டும், அந்தக் கருப்புப் பொருக்கைக் காட்டுங்கள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. வாழைத் தோட்டத்தில் வேலை. எட்டு நாளாகக் காய்ச்சலும் தலைவலியும் விடவில்லை. மெடிக்கலில் கொடுத்த செஃபிக்ஸிம் ஐந்து நாள் சாப்பிட்டும் கேட்கவில்லை. டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்தது, ஆனால் பிளேட்லெட் 84,000தான் இருக்கிறது. பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறேன். பிளேட்லெட் இறங்கினால் உயிர் போய்விடும் என்று போனில் வரும் வீடியோக்களைப் பார்த்துத் தூக்கமே இல்லை. பிள்ளைகளுக்கும் தொற்றுமா? இடுப்பில் சாரம் (கைலி) கட்டும் இடத்தில் பீடி சுட்டதுபோல ஒரு கருப்புப் புண் இருக்கிறது, வலி இல்லை என்கிறார். அதற்கு என்ன களிம்பு போடலாம்?
- வாசகி, களக்காடு அருகில்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்று மாலையே போனில் பேசி, அவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நீங்கள் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் இங்கே பதில் எழுதுகிறேன். களக்காடு, கடையம், பாபநாசம் என்று மலையடிவாரம் முழுக்க, ஐப்பசி மழையில் தொடங்கித் தை, மாசி வரைக்கும் இதே காய்ச்சலோடு பிளேட்லெட்டை எண்ணிக்கொண்டு படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் களிம்பு கேட்டீர்களே, அந்தப் புண்தான் நோயின் பெயரைச் சொன்னது. உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். புதரிலும் புல்லிலும் வரப்போரத்திலும் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கண்ணில் படாத அளவு சிறியது, கடித்ததும் தெரியாது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் அடிக்கும். அதற்குள் கடித்த இடம் கருகிப் பொருக்குத் தட்டி, சுற்றிலும் லேசாகச் சிவந்திருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அது உட்காரும் இடமும் அப்படி. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் சாரமும் பாவாடை நாடாவும் இறுகும் இடம், மார்பின் அடிப்பக்கம், காதுக்குப் பின்னால், பிட்டம். நோயாளி கூச்சப்பட்டுக் காட்டமாட்டார், டாக்டரும் அவசரத்தில் கேட்கமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான அம்மாவுக்கு மூன்று நாள் டைஃபாய்டு என்று வைத்தியம் பார்த்தேன். மூன்றாம் நாள் நர்ஸ் உடம்பு துடைக்கும்போதுதான் மார்புக்கு அடியில் அந்தப் பொருக்கைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து காய்ச்சல் என்று வருகிறவரைத் துணி விலக்கிப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எல்லாருக்கும் இந்தப் பொருக்கு இருக்கும் என்றும் இல்லை. தோட்டம், காடு என்று போய்வருகிறவருக்கு ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், பொருக்கு இல்லாவிட்டாலும் இந்த நோயை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செஃபிக்ஸிமில் போன ஐந்து நாளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. செஃபிக்ஸிமோ அமாக்ஸிசிலினோ எத்தனை நாள் போட்டாலும் அதைத் தொடாது. இதைக் கேட்கிற மருந்து டாக்சிசைக்ளின். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, வழக்கமாக 7 நாள். விலை மலிவான பழைய மருந்துதான், பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் அஸித்ரோமைசின் கொடுப்போம். ஐஜிஎம் எலைசா என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் ஆரம்ப நாட்களில் அது இல்லை என்றே காட்டலாம். பொருக்கும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவோம். இதைப் படித்துவிட்டு நாளைக்கு மெடிக்கலில் போய் டாக்சிசைக்ளின் கேட்டு நிற்காதீர்கள். டெங்குவும் டைஃபாய்டும் சுற்றுகிற அதே மாதங்கள் இவை. எது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

பிளேட்லெட் உண்ணிக் காய்ச்சலிலும் இறங்கும், நோய் தணிந்தால் தானே ஏறும். 84,000 என்பது குறைவுதான், பயப்படும் அளவு இல்லை. ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பொதுவாக 10,000க்குக் கீழே போனால்தான் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றியே யோசிப்போம். பப்பாளிச் சாற்றை நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் அதைக் குடித்து வாந்தி எடுப்பதற்குப் பதில் கஞ்சி குடிக்கலாம். உடம்பு வலிக்கிறது என்று வலி ஊசி மட்டும் போடவே கூடாது, பாராசிட்டமால் போதும். அந்த வீடியோக்களை அழித்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். தொழுவத்து மாட்டை விற்கலாமா என்று போனில் கேட்டீர்கள், வேண்டாம். பெயரில் உண்ணி இருந்தாலும், மாட்டின் காதில் கண்ணுக்குத் தெரிகிற உண்ணி இந்தக் காய்ச்சலைப் பரப்புவதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டாவது வாரத்துக்கு. மருந்து போகாமல் நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கிவிடும். மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது அல்லது சம்பந்தமில்லாமல் பேசுவது, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் தேறி மறுபடி தோட்டத்துக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போடட்டும். மத்தியானம் வரப்புப் புல்லில் துண்டை விரித்துப் படுக்கிற பழக்கத்தை விடட்டும். துவைத்த துணியை வாய்க்கால் ஓரச் செடிகளின் மேல் காயப்போடாமல் கொடியில் போடுங்கள். வீடு திரும்பியதும் சோப்பு போட்டுக் குளித்து, உடுத்தியிருந்த துணியை வெந்நீரில் நனைத்துவிடுங்கள். வீட்டைச் சுற்றிப் புதர் மண்டியிருந்தால் வெட்டிவிடுங்கள், எலி அதில்தான் குடியிருக்கும், இந்தச் சிற்றுண்ணி எலியோடு சேர்ந்தே பெருகும். அப்புறம், பிள்ளைகளும் தோட்டத்தில் விளையாடுகிறார்கள் என்றீர்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் தலைமுடிக்குள்ளும் பிடரியிலும் அக்குளிலும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.