துளை போட்ட மரவேலை மேசையின் மேல்பலகை கெட்டுவிட்டது. புதியதை வீட்டிலேயே துல்லியமாகச் செய்ய முடியுமா?

முடியும். நான் இரண்டு தடவை செய்தேன், முதல் தடவை சொதப்பினேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் மேசை ஜெர்மனியின் ஃபெஸ்டூல் கருவிக் கம்பெனி மேசையைப் பார்த்து நானே போட்டது. 20 மி.மீ. துளைகள், மையத்துக்கு மையம் 96 மி.மீ. துளைகளில் முளைகளைச் செருகி, பலகையை அவற்றில் அண்டக் கொடுத்து அறுத்தால் மூலைமட்டமே வேண்டாம். போன ஐப்பசி மழையில் ஷெட் ஒழுகி, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒரு மூலையில் ஆப்பம் மாதிரி உப்பிவிட்டது.

பழைய பலகையைப் புதியதன் மேல் வைத்து, பேரிங் பிட் (பழைய துளையின் சுவரைத் தொட்டபடி உருளும் பேரிங் உள்ள வெட்டுமுனை) போட்டு, ரூட்டர் என்ற மரம் குடையும் மின்கருவியில் நகல் எடுத்தேன். அரை நாள் வேலை, பார்க்கவும் அழகு. ஆனால் ஒரு பீரோ கதவை அறுத்துப் பார்த்தால் 600 மி.மீ. அகலத்துக்கு ஒரு மி.மீ. கோணல்! பழைய துளைகளெல்லாம் கிளாம்ப் இழுத்து இழுத்து முட்டை வடிவமாகியிருந்தன. பேரிங் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறது.

இரண்டாம் தடவை டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு துளைக்கும் டேப் பிடித்துக் குறித்தால் ஒவ்வொன்றும் அரை மி.மீ. அங்கே இங்கே ஓடும். அதற்குப் பதில் இரண்டு அலுமினியப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் 3 மி.மீ. துளைகள் ஆறு போட்டேன், வரிசையாக, சம இடைவெளியில். இடைவெளிக்கு ஒரு சின்ன இரும்புத் துண்டு: அதில் இரண்டே துளை. ஒன்றில் ஊசி மாட்டி, மற்றதன் வழியாக அடுத்த துளை. இப்படியே நடத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

அந்த இரண்டு துளைக்கு நடுவே 96 இல்லாமல் 95.7 இருந்தால்? இருந்துவிட்டுப் போகட்டும். எல்லா இடைவெளியும் ஒன்றாக இருந்தால் போதும், செங்கோணம் தானாக வரும். கொத்தனார் கடைக்கால் மூலைக்கு நூல் பிடிக்கும் அதே 3, 4, 5 கணக்குதான். முதலில் பலகையின் ஓரமாகப் பட்டையை வைத்து ஒரு வரிசை ஊசித்துளை போடுங்கள். பட்டை போதாவிட்டால், போட்ட துளைகளில் இரண்டில் ஊசி மாட்டி நகர்த்துங்கள். பிறகு ஒரு பட்டையை மூலைத் துளையில் மாட்டுங்கள், மற்றதை அங்கிருந்து நாலாவது இடைவெளியில் மாட்டுங்கள். முதல் பட்டையின் மூன்றாம் இடைவெளித் துளையும் இரண்டாவதின் ஐந்தாம் இடைவெளித் துளையும் எங்கே ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து ஊசி வழுக்கிக்கொண்டு இறங்குகிறதோ, அதுதான் செங்கோணம். 96 என்றால் 288, 384, 480. ஊசி 'டக்'கென்று இறங்கும் அந்த நொடிக்காகவே இன்னொரு மேசை செய்யலாம் போலிருந்தது.

ஊசித்துளைகளை 20 மி.மீ. ஆக்க, ரூட்டர் புஷ் (பிட்டைச் சுற்றியிருக்கும் வழிகாட்டி வளையம்) உட்காரும் ஒரு தட்டு செய்துகொண்டேன். அது அக்கம்பக்கத்து இரண்டு ஊசித்துளைகளில் நிற்கும். தட்டை எப்போதும் ஒரே திசையில் வையுங்கள். அதன் மையம் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் எல்லாத் துளையும் சேர்ந்தே தள்ளிப் போகும், பாதகமில்லை. கடையில் முக்கால் இஞ்ச் பிட்டைத் தள்ளிவிடுவார்கள். அது 19.05 மி.மீ., 20 மி.மீ. முளை இறங்காது.

பலகைக்கு இந்த முறை 25 மி.மீ. எச்.டி.எச்.எம்.ஆர். (ஈரம் தாங்கும் அடர்த்தியான மரநார்ப் பலகை) போட்டேன். எம்.டி.எஃப்.பைவிட விலை கூடுதல்தான், ஆனால் ஈரம் தாங்கும். அதிலும் தண்ணீர் குடிப்பது துளையின் உள்சுவர். பஞ்சில் சீலர் தொட்டு ஒவ்வொன்றாகத் தடவினேன், முதுகு விட்டுப்போனது.

மாட்டும் முன் சட்டத்தின் நாலு மூலைக்கும் குறுக்காக இரண்டு நூல் கட்டிப் பாருங்கள். நடுவில் நூலும் நூலும் உரசியும் உரசாமலும் இருக்க வேண்டும். விலகினால் சட்டம் முறுக்கியிருக்கிறது, எத்தனை நல்ல பலகையையும் அது இழுத்துவிடும். எங்கள் தெரு ஆசாரி அண்ணன் சொல்லித்தான் இதைப் பார்த்தேன். ஒரு காலுக்கு அட்டை வைக்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு சோதனை. அகலமான பலகையை நடுவே அறுத்து, ஒரு பாதியை மட்டும் குப்புறப் புரட்டி, இரண்டு பாதியையும் நேரான சட்டத்தில் அண்டக் கொடுத்து அறுத்த முகங்களைச் சேருங்கள். கோணல் இருந்தால் இரண்டு மடங்காகத் தெரியும். என் பலகையில் பத்து ரூபாய் நோட்டைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை.