கிக் ஒலியும் கரண்ட் உறுமலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய ரோலண்ட் டிஆர்-808 ட்ரம் மெஷின் ஒன்று எங்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுகிறோம். மாஸ்டர் அவுட் மிக்ஸருக்கும், கிக்கின் (தாளத்தின் தாழ்ந்த ‘தும்’ அடி) தனி அவுட் லேப்டாப்பில் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் (ஒலியைக் கணினிக்குள் ஏற்றும் பெட்டி) போகின்றன. பதிவில் கரண்ட் உறுமல் இருந்ததால் மென்பொருளில் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டினேன். உறுமல் போயிற்று, ஆனால் கிக், அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஆகிவிட்டது. வெட்டாமல் விட்டாலோ ஒரு கிக் நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் ஒலிக்கிறது. மெஷின் பழுதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மெஷின் மீது குற்றம் இல்லை. 1980 முதல் 1983 வரை ஏறத்தாழ 12,000 மட்டுமே தயாரிக்கப்பட்ட இந்த மெஷினுக்குள் பதிவு செய்து வைத்த ட்ரம் ஒலி எதுவும் கிடையாது. கிக் என்பது, ஒரு தட்டு தட்டினால் மணியைப்போல் அதிர்ந்து மெல்ல ஓயும் ஒரு மின்சுற்று. அது அதிரும் வேகம், மெஷினுக்கு மெஷின் சற்று மாறினாலும், 50 ஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு 50 அதிர்வை, ஒட்டியே இருக்கும். நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆகவே உறுமலை வெட்டப்போய் கிக்கின் உடம்பையே வெட்டியிருக்கிறீர்கள். எஞ்சியது அடி விழும்போது வரும் ‘டக்’ மட்டும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இங்கே வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

கிக் நீண்டும் குறுகியும் ஒலிப்பதற்கும் காரணம் அதே உறுமல்தான். கிக் ஓயும் வால்பகுதியில் அதன் அலையும் உறுமலின் அலையும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் ஒன்றையொன்று தூக்கிவிடும், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை விநாடி, அதாவது உறுமலின் 25 முழுச் சுற்றுகள் இருப்பதால் எல்லாக் கிக்குகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கெட்டுப்போகும். 118-க்கு இறக்கினால் அந்த இடைவெளி ஏறத்தாழ 25.4 சுற்றுகளாகி, ஒவ்வோர் அடியும் உறுமலின் வேறொரு புள்ளியில் போய் விழும். கிக் ஓய எடுக்கும் நேரத்தை மாற்றும் டிகே திருகை நீளமாக வைத்திருந்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

எனவே உறுமலைப் பதிவுக்கு முன்பே ஒழிக்க வேண்டும். மெஷினை ஓடவிடாமல் நிறுத்தி, வெறும் உறுமலை மட்டும் கேட்டபடி லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் சட்டென்று அடங்கினால் அது எர்த் லூப்: மிக்ஸரின் எர்த்தும் சார்ஜரின் எர்த்தும் 808-இன் கேபிள்கள் வழியாகக் கைகோத்து வட்டம் போட்டிருக்கின்றன. மிக்ஸரையும் சார்ஜரையும் ஒரே பவர் போர்டில் செருகிப் பாருங்கள்; பல வேளைகளில் அதுவே போதும். போதாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை (எர்த் இணைப்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) இடையில் போடலாம், ஆனால் மலிவானது வேண்டாம். சிறிய இரும்புக் கருவுள்ள டிரான்ஸ்ஃபார்மர் இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தாங்காமல் நசுக்கிவிடும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஷாக் அடிக்கும் அபாயம் உள்ள காரியம் அது, செய்யாதீர்கள்.

சார்ஜரைக் கழற்றியும் உறுமல் அசையாமல் இருந்தால், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்புங்கள். திருப்பத் திருப்ப உறுமல் கூடிக் குறைந்தால் அதன் காந்தப்புலம் கேபிளிலோ மெஷினிலோ ஏறுகிறது என்று பொருள். ஒரு மீட்டருக்கு அப்பால் தள்ளி வைத்தாலே அடங்கிவிடும். நான் ஒரு முறை இதைக் கண்டுபிடிக்காமல் விடிய விடியக் கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்ஃபார்மரோ மெஷினுக்கு நேர் கீழே, மேசைக்கடியில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. உறுமல் 50-இல் இல்லாமல் 100 ஹெர்ட்ஸில் கரகரவென்று வந்தால் அது வேறு கதை. நாற்பது ஆண்டுகளில் பவர் சப்ளையின் கண்டன்சர்கள் உலர்ந்திருக்கும். பழைய கருவிகளில் கைவைத்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள்.

கெட்டுப்போன பதிவைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம், மறுபடியும் எடுங்கள். வாசித்தவரைத் திரும்ப அழைக்கத் தயங்கலாம். மெஷினிடம் என்ன தயக்கம்?

கேள்வி: கிக்கைத் தனி டிராக்கிலும், முழுத் தாளத்தை டிஜிட்டல் மிக்ஸர் வழியாக இன்னொரு டிராக்கிலும் எடுத்தேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சேர்த்துக் கேட்டால் கிக் மெலிந்துவிடுகிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி ஆகும். ஆகவே ஒரு டிராக் மற்றதைவிட 10 மில்லி விநாடி பிந்தினால், ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போய், இரண்டும் கூடிச் சைபருக்கு நெருங்கும். டிஜிட்டல் மிக்ஸரிலும் அதற்குள் இருக்கும் எஃபெக்டுகளிலும் சில மில்லி விநாடி தாமதம் ஏற்படுவது சாதாரணம். திரையில் இரண்டு கிக்குகளின் தொடக்கத்தையும் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, பிந்திய டிராக்கை முன்னே இழுத்து ஒட்ட வையுங்கள். 48,000 சாம்பிள் வேகப் பதிவில் 10 மில்லி விநாடி என்பது 480 சாம்பிள். தொடக்கங்கள் ஒன்றாக நின்றும் ஒன்று மேல் நோக்கியும் மற்றது கீழ் நோக்கியும் கிளம்பினால், ஒரு டிராக்கில், அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானைத் தட்டினால் சரியாகிவிடும். இரண்டும் தேவையா என்பதையும் யோசியுங்கள். என்னைக் கேட்டால், முழுத் தாளம் உள்ள டிராக்கை எடுக்கும்போது மெஷினிலேயே கிக்கின் லெவலைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன்.

கேள்வி: ஹை-ஹாட்டின் (‘ட்ஸ்’ என்னும் ஜோடித் தட்டு ஒலி) ஓர் அடியைப் பதிவு செய்து, அதையே பாட்டு முழுக்க அடுக்கினேன். மெஷினில் கேட்ட உயிர் அதில் இல்லை. ஈக்யூவில் (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எதைக் கூட்டுவது? (வாசகர், மதுரை)

பதில்: ஈக்யூவில் விடை இல்லை. 808-இன் ஹை-ஹாட்டும் சிம்பலும் ஆறு சதுர அலை ஆசிலேட்டர்களிலிருந்து (அலையை உண்டாக்கும் மின்சுற்றுகள்) பிறப்பவை; மாட்டுமணி ஒலியான கௌ-பெல் அந்த ஆறில் இரண்டைக் கடன் வாங்கிக்கொள்கிறது. அந்த ஆறும் அடி விழுந்தாலும் விழாவிட்டாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அடியும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒலிக்கு ஒரு நொடிப்பொழுது கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். கதவு திறக்கும் கணத்தில் ஆறு அலைகளும் எந்தெந்த நிலையில் இருக்கின்றன என்பது ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதால், காதுக்கு ஒரே ஒலிபோல் தோன்றும் அடிகள் ஒன்றுக்கொன்று நூலிழை வேறுபடும். நீங்கள் ஒன்றை மட்டும் நகலெடுத்து அடுக்கியதால் அந்த நூலிழை அறுந்துவிட்டது. பாட்டின் முழு நீளத்துக்கும் மெஷினை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் பதினாறு அடிகளையாவது தனித்தனியாக எடுத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: ஸ்டுடியோ ஸ்பீக்கரில் தரையை அதிரவைக்கும் கிக், கைப்பேசியில் போட்டால் காணாமல் போகிறதே? (வாசகர், திருச்சி)

பதில்: கைப்பேசியின் ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸை ஒலிக்கவே ஒலிக்காது, ஈக்யூவில் எவ்வளவு ஏற்றினாலும் மிக்ஸ் முழுவதும் கலங்குமே தவிர அங்கே கிக் கேட்காது. கிக் டிராக்கில் லேசாக சாச்சுரேஷன் (அலையைச் சற்றே சிதைக்கும் எஃபெக்ட்) போடுங்கள். அது 100, 150, 200 ஹெர்ட்ஸ் என மேலே சில அடுக்குகளை உண்டாக்கும். அவற்றில் உயரமானவை சிறிய ஸ்பீக்கரில் கேட்கும்போது, அடியில் உள்ள தாழ்ந்த சுருதியைக் காது தானே ஊகித்துக்கொள்ளும்.