முதல் பதிவா, முன்பே பதிந்ததா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓடைக்கரையில் ஒரு தட்டானைப் படம் எடுத்தேன். படத்தைப் பார்த்து இனத்தின் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி சொன்ன பெயரில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பதிவுகூட இல்லை. ‘தமிழகத்தில் முதன்முறை’ என்று அறிவித்துவிடலாமா? (கம்பம் வாசகர்)

கொஞ்சம் பொறுங்கள். செயலியில் இல்லை என்றால் யாரும் ஏற்றவில்லை என்றுதான் பொருள். யாரும் பார்க்கவில்லை என்று பொருளில்லை.

முதலில் பெயரே சரிதானா என்று பாருங்கள். நிறையப் படம் சேர்ந்திருக்கும் இனங்களின் பக்கமே செயலியின் கணிப்பு சாயும். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் ‘ரிசர்ச் கிரேடு’ (ஆய்வுத் தரம்) என்ற முத்திரை கிடைத்துவிடும். அந்த இருவரில் ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். தட்டானில் நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்களே அதிகம். பல இனங்களில் இளம் ஆண், பெண்ணின் நிறத்திலேயே திரியும். மார்பின் பக்கவாட்டுப் பட்டைகள், இறக்கை நரம்புகள், ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் கொக்கி போன்ற பற்றுறுப்புகள் ஆகிய மூன்றும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பற்றுறுப்பை மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று எடுங்கள்.

பெயர் உறுதியானால் அடுத்து பழைய ஏடுகள். தட்டான்களுக்குப் பூச்சியியலாளர் ஃபிரேசர் 1933 முதல் 1936 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகள். செடிகளுக்கு 1915 முதல் 1936 வரை வந்த, தாவரவியலாளர் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல். பலர் சறுக்குவது இங்கேதான். அந்த நூல்களில் ‘தமிழ்நாடு’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. ‘திருவிதாங்கூர்’ என்று கண்டதுமே கேரளம் என்று ஒதுக்கினால், உங்கள் ‘முதல் பதிவு’ தொண்ணூறு வயதுப் பழசாக இருந்துவிடும். தலைகீழும் உண்டு. கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு மைசூருக்குப் போனது. ஆகவே வெறும் ‘கோயம்புத்தூர்’ என்று இருக்கும் பழைய குறிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம் கணக்கில் சேர்க்க முடியாது. மாவட்ட அளவில் உரிமை கொண்டாடுவது இன்னும் சிக்கல்: தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலிதான்.

இனத்தின் இன்றைய பெயரை மட்டும் தேடாதீர்கள். பழைய பெயர்கள் அத்தனையையும் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதிப் பட்டியலில் இல்லாத ஒரு செடி கிடைத்திருக்கிறது. படம் போதாது, மாதிரி வேண்டும் என்கிறார்கள். எப்படி எடுப்பது? (நாமக்கல் வாசகர்)

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் தெரியாத ஒரு மயிரோ சுரப்பியோ பின்னாளில் கேள்வியானால், எடுத்துப் பார்க்கப் பொருள் வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வாங்கிய பிறகே கை வைக்கலாம். அங்கே ஐந்தாறு செடிதான் நிற்கிறது என்றால் வேரோடு பிடுங்காதீர்கள். பூவும் காயும் உள்ள ஒரு கிளை போதும்.

பூவும் காயும் இல்லாத மாதிரியை எந்த ஹெர்பேரியமும் (உலர்செடி மாதிரிகளைக் காக்கும் இடம்) விரும்பாது. நிறைய நிற்கும் சிறு செடியானால் வேரும் வேண்டும். புல்லைக் கிழங்கோ வேர்த்தண்டோ இல்லாமல் வெட்டிவந்தால் பாதி வேலை வீண். ஒரே செடியிலிருந்து மூன்று துண்டு எடுத்து, மூன்றுக்கும் ஒரே எண் போடுங்கள். இரண்டை வெவ்வேறு ஹெர்பேரியங்களுக்குக் கொடுக்கலாம்.

45-க்கு 30 செ.மீ. அளவில் இரண்டு பலகை, பழைய நாளிதழ், இறுக்க இரண்டு பெல்ட். செலவு அவ்வளவுதான். செடியை விரிக்கும்போது ஓர் இலையையாவது திருப்பி அடிப்பக்கம் தெரிய வையுங்கள். முதல் தாளை 24 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். அப்போது இலை துவண்டிருக்கும், மடிப்பை நீவிவிட அதுதான் நேரம். பிறகு நான்கைந்து நாள் தினமும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் தவறினாலும் கறுத்துப் பூஞ்சணம் பூக்கும். சதைப்பற்றுள்ள செடிகள் தாளுக்குள்ளும் சாகாமல் வளர்ந்து இலையை உதிர்க்கும். பூவை விட்டு மற்றதைக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

காய்ந்ததும் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள், பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர் முழுக்கத் தணியும்முன் திறந்தால் ஈரம் படிந்து, காய வைத்ததெல்லாம் பாழ்.

காய்ந்தால் மறைகிறவற்றை நின்ற இடத்திலேயே எழுத வேண்டும்: பூ நிறம், மணம், பால் வடிகிறதா, உயரம், பட்டை, மண். கூடவே தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை. தசமத்தில் நான்கு இலக்கம் போதும், சுமார் பதினோரு மீட்டருக்குள் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இடக்குறிப்பு அழிந்துபோகும், மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். மாதிரியைக் கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ சேர்க்கக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தரும் எண்தான் உங்கள் பதிவுக்கு உயிர்.

கேள்வி: ஸ்பிரிட்டில் போட்ட சிலந்திகளின் சீட்டில் எழுத்தே காணோம்! (சிவகங்கை வாசகர்)

பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரையும். பென்சிலால் எழுதிய சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள்; வெளியே ஒட்டுவது கழன்றுவிடும். உடலமைப்பு பார்க்க 70 சதவீத எத்தனால், மரபணுவுக்கு 95-க்கு மேல். ஊரும் தேதியும் நினைவில்லாத பாட்டில்களை மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒதுக்குங்கள். இன்னொன்று, பெரும்பாலான சிலந்திகளை இனம் பிரிப்பது முதிர்ந்தவற்றின் இனப்பெருக்க உறுப்பை வைத்துத்தான். குஞ்சுகளைச் சேர்த்துப் பயனில்லை.

கேள்வி: ‘புதிய இனம்’, ‘புதிய பதிவு’ இரண்டும் ஒன்றா? (விருதுநகர் வாசகர்)

இல்லை. அறிவியலுக்கே புதியது ஒன்று. வேறெங்கோ தெரிந்தது இங்கே தெரியவருவது இன்னொன்று. நாளிதழ்த் தலைப்புகளில் இரண்டும் கலந்துவிடும்.

புதிய இனம் ஒன்று பழைய பதிவுகளைக் கலைத்துப்போடுவதும் உண்டு. விசிறித்தொண்டை ஓணானை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியின் பெயரால் 1829இல் பெயரிட்ட சிட்டானா பாண்டிசெரியானா என்ற ஒரே இனத்தில்தான் நெடுங்காலம் எல்லாவற்றையும் அடக்கினார்கள். 2016இல் தெற்கத்திச் சமவெளி ஓணானைப் பிரித்து, சிட்டானா மருதம்நெய்தல் என்று திணைப்பெயரையே சூட்டினார்கள். அன்றோடு தென்மாவட்டங்களின் பழைய ‘பாண்டிசெரியானா’ குறிப்புகள் எல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டியவை ஆகிவிட்டன. மாதிரி இருந்த குறிப்பைச் சரிபார்க்கலாம். வெறும் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: வெளிநாட்டு உயிரினம் வந்து சேர்ந்தாலும் முதல் பதிவுதானா? (எண்ணூர் வாசகர்)

பதிவுதான், அவசரமானதும்கூட. உங்கள் ஊர் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்கிற அமெரிக்கக் கண்டத்துச் சிப்பியே சாட்சி. கழிமுகத்தின் அடிமண்ணைப் பாய்போல மூடிவிடுகிறது. இப்படிப்பட்டவற்றில் முதலில் கண்ட தேதியும் இடமும் தெரிந்தால்தான் பரவும் வேகத்தைக் கணக்கிட முடியும். ஒன்றைக் கண்டீர்களா, நூறையா, குஞ்சுகளோடா என்று எழுதுங்கள். யாரோ குளத்தில் விட்ட ஒற்றைச் செங்காது ஆமையும் இனம் பெருகும் கூட்டமும் ஒன்றல்ல. தோட்டத்தில் நட்டு வளர்த்த செடி இந்தக் கணக்கில் வராது. வேலி தாண்டித் தானே விதை விழுந்து முளைத்திருந்தால் வரும்.

கேள்வி: அபூர்வ ஆர்க்கிட் ஒன்றைக் கண்டோம். இடத்தை வெளியிடலாமா? (கூடலூர் வாசகர்)

ஹெர்பேரியச் சீட்டில் துல்லியமாக எழுதுங்கள். பறிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டாமல், பொதுவில் தாலுகாவோடு நிறுத்துங்கள். செயலியிலும் இடத்தை மறைக்கும் வசதி உண்டு. படத்தின் பின்னணியில் கோயில் கோபுரமோ மைல்கல்லோ தெரிகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.