ஒற்றை நெல்லி மரம் பூத்தும் காய்க்காதது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் என்.ஏ.7 இரகப் பெருநெல்லி ஒட்டுக்கன்று ஒன்றை நட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மரம் செழிப்பாக வளர்ந்து நிறையப் பூக்கிறது. ஆனால் பூக்கள் கொட்டிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிலோ காய் கிடைத்தாலே பெரிது. அவற்றிலும் சிலவற்றை நறுக்கினால் கொட்டையை ஒட்டிய சதை பழுப்பாக இருக்கிறது. இன்னொரு மரம் வைக்க இடமில்லை. என்ன செய்யலாம்? காய்களை எப்போது பறிக்க வேண்டும்? (வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: மரத்தடியில் பூ கொட்டுவதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாகத் தோன்றுகின்றன. புதிதாகத் துளிர்க்கும் மெல்லிய இணுக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் கொத்துக் கொத்தாக இருப்பவை ஆண் பூக்கள், அவற்றுக்கு மேலே நுனியை நோக்கி இலைக்கணுக்களில் ஒன்றிரண்டாக இருப்பவை பெண் பூக்கள். ஆண் பூக்களின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், மகரந்தம் உதிர்த்தபின் அவை கொட்டுவது இயல்பே. நீங்கள் கவனிக்க வேண்டியது நுனிப்பக்கத்துப் பெண் பூக்கள் பிஞ்சாகின்றனவா என்பதைத்தான்.

அவை பிஞ்சாகாததற்கு, உங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு மரம் நிற்பதே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். நெல்லி இரகங்கள் பலவற்றில் தன் மகரந்தத்தால் காய் பிடிப்பது மிகக் குறைவு. வேறு இரகத்தின் மகரந்தம் காற்றாலோ தேனீக்களாலோ வந்து சேர வேண்டும். இதனால்தான் தோப்பு வைப்போர் ஒரே இரகத்தை மட்டும் நடாமல், என்.ஏ.7 உடன் கிருஷ்ணா, காஞ்சன் போன்றவற்றைக் கலந்து நடுகிறார்கள். எத்தனை உரமிட்டாலும் இந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

இடமில்லாதவர்கள் இருக்கும் மரத்திலேயே ஒரு கிளையை வேறு இரகமாக மாற்றிக்கொள்ளலாம். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. வெயில் நன்றாகப் படும் ஒரு நடுத்தரக் கிளையைக் கோடையின் முடிவில் வெட்டிவிட்டு, அதிலிருந்து வரும் துளிர்களில் திடமான இரண்டை மட்டும் விட்டு, அவை பென்சில் பருமன் அடைந்ததும் கிருஷ்ணா அல்லது காஞ்சன் இரகத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்துப் பதித்து, மொட்டு மட்டும் வெளியே தெரியுமாறு பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பழக்கமில்லையென்றால் ஒட்டுக்கட்டத் தெரிந்த நாற்றங்கால் பணியாளர் ஒருவரை அழைத்துச் செய்துகொள்வது நல்லது. மொட்டு தளிர்த்த பிறகு, அந்தக் கிளையில் பழைய இரகத்தின் துளிர் எது வந்தாலும் உடனே கிள்ளிவிடுங்கள். இல்லையெனில் அது புதியதை அமுக்கிவிடும். ஒட்டிய கிளை பூக்கும் வரை, அருகிலுள்ள தோப்பில் வேறு இரகத்தின் பூத்த கிளைகளைக் கேட்டு வாங்கி, நீர் நிரப்பிய பாட்டிலில் செருகி மரத்தில் கட்டிவிட்டால் ஓரளவு பயன் கிடைக்கும். பூக்கும் நாட்களில் எந்தப் பூச்சிமருந்தும் தெளிக்கக் கூடாது. தேனீக்கள் வராவிட்டால் மேற்சொன்ன முயற்சியின் பலன் குறைந்துவிடும்.

பூக்கும் பருவத்தில் நீர் பாய்ச்சுவதையும் நிறுத்திவைத்து, பிஞ்சு பிடித்த பிறகு மீண்டும் தொடங்குங்கள். பெண் பூ கருவுற்ற பின்னரும் பிஞ்சு சில காலம் பருக்காமல் அப்படியே இருப்பது நெல்லியின் இயல்பு. அதைக் கண்டு காய் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, உரத்தை அள்ளிப் போடாதீர்கள்.

கொட்டையை ஒட்டிய பழுப்பு, போரான் சத்துக் குறைபாட்டின் அறிகுறி. தொடக்கத்தில் உட்சதை மட்டும் நிறம் மாறும். முற்றினால் வெளித்தோல்வரை பரவிப் பிசின் கசியும். லிட்டருக்கு 6 கிராம் போராக்ஸ் என்ற அளவில் கரைத்து, காய் பருக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இடைவெளி விட்டு மூன்று முறை இலையும் காயும் நனையத் தெளியுங்கள். போரான் தேவைக்கு மேல் போனாலும் பயிரைக் கருக்கும். எனவே கண்ணளவில் போடாமல் எடைபோட்டே கலக்க வேண்டும்.

அறுவடையில் அவசரம் வேண்டாம். முற்றிய காய் கரும்பச்சை மாறி, வெளிறிய மஞ்சள் கலந்த பச்சையாக, சற்றே கண்ணாடித் தன்மையோடு தெரியும். ஐயமிருந்தால் ஒரு காயை உடைத்து விதையைப் பாருங்கள்; வெளிர்நிறமாக இருந்த விதை கருத்திருந்தால் பறிக்கலாம். கிளையை உலுக்கியோ கழியால் அடித்தோ உதிர்க்காதீர்கள். தரையில் விழுந்த காயில் கன்றிய இடம் ஓரிரு நாளில் பழுப்பாகி, அங்கிருந்து அழுகல் பரவும். ஒரு கூடையில் அப்படிப்பட்ட பத்துக் காய் கலந்தால் மற்றவையும் கெடும். துணி விரித்த கூடையில் கையால் பறித்து இடுவதே முறை. நெல்லிக் கிளை எளிதில் முறியக்கூடியது என்பதால், மரத்தில் ஏறவும் வேண்டாம், கிளையில் ஏணி சார்த்தவும் வேண்டாம். தரையில் தானே நிற்கும் முக்காலி ஏணியைப் பயன்படுத்துங்கள். காய்ப் பாரம் கூடும் ஆண்டில் தாழ்ந்த கிளைகளுக்கு முட்டுக் கொடுப்பதும் அவசியம்.

ஒரே நேரத்தில் உண்ண முடியாத அளவு கிடைத்தால், அடிபடாத காய்களை மட்டும் கழுவி, லிட்டருக்கு 150 கிராம் உப்புக் கலந்த நீரில் முழுக மூழ்கும்படி கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் ஜாடியிலோ வையுங்கள். இரண்டு மாதம் வரை கெடாமலிருக்கும்.