பிள்ளைக்குத்தானே பிரச்சினை, நாங்கள் எதற்கு வர வேண்டும்?

வளரிளம் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து நடத்தும் டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, கொந்தளிக்கும் உணர்ச்சியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை) குழுக்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அந்தக் குழுக்களை நடத்துகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அவசரமான கேள்வி முதலில்.

மகள் கையில் கீறல்களைப் பார்த்தேன். குழு தொடங்க இரண்டு மாதம் ஆகுமாம். காத்திருக்கலாமா?

வேண்டாம். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நடுராத்திரியில் பயமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், எலி மருந்து, பூச்சி மருந்து எல்லாவற்றையும் இன்றே பூட்டிவையுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

15 வயதுப் பெண். கோபம் வந்தால் போனைச் சுவரில் எறிகிறாள். அவளுக்குத்தானே பிரச்சினை, நாங்கள் எதற்கு?

வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் எங்களோடு இருப்பது இரண்டு. மிச்சமெல்லாம் உங்கள் வீட்டுச் சூழலில்தான். சில பிள்ளைகளுக்கு இயல்பிலேயே உணர்ச்சி சட்டென்று கிளம்பும், உச்சத்துக்குப் போகும், இறங்க ரொம்ப நேரம் எடுக்கும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால், மெதுவாகச் சொன்னால் இந்த வீட்டில் யார் காதிலும் விழாது என்று அது கற்றுக்கொள்கிறது. அப்புறம் போன் பறக்கிறது. உங்களைக் குற்றவாளி ஆக்கவில்லை. உங்கள் வளர்ப்பு இன்னொரு பிள்ளைக்குச் சரியாகவே பொருந்தியிருக்கும்.

ஊரார் முன்னால் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? மானம் போகாதா?

இது டியூஷன் மாதிரி. ஐந்தாறு குடும்பங்கள், ஒரு பாடம், வீட்டுப்பாடம். சண்டைக் கதைகளும் காயக் கதைகளும் தனி ஆலோசனையில்தான், குழுவில் அதற்கு அனுமதியே இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் பெரியவர்களுக்காக உருவாக்கி 1993-இல் வெளியிட்ட டிபிடி முறையை, அலெக் மில்லர், ஜில் ராத்தஸ் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றியபோது பெற்றோரையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள், 'நடுப்பாதை' என்று ஒரு பாடத்தையும் சேர்த்தார்கள். ரொம்பக் கண்டிப்பதும் ரொம்ப விட்டுக்கொடுப்பதும் என்று ஊசலாடுகிற வீடுகளுக்கானது அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொந்த மகள் சொன்னால் காதில் விழாதது அடுத்த வீட்டுப் பெண் "அங்கிள், நீங்க கேக்கிறது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கு" என்று சொன்னால் விழும்.

'வேலிடேஷன்' என்கிறார்களே, அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதா?

இல்லை. உணர்ச்சியை ஏற்பது வேறு, செய்கையை ஒத்துக்கொள்வது வேறு. கணக்கில் 41 வாங்கிய பையன் "இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்கிறான். அப்பா: "அப்ப மாடு மேய்க்கப் போ." அம்மா: "விடு கண்ணு, அடுத்த தடவை எடுத்திடுவ." அம்மா சொன்னது அன்பான பேச்சுதான், ஆனாலும் அவன் துக்கத்தை அவரும் கையால் தள்ளிவிடுகிறார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் உக்காந்து படிச்ச, அப்பவும் 41-ன்னா கடுப்பாத்தான் இருக்கும்." இவ்வளவு போதும், இங்கேயே வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஆனா" என்று தொடங்கினீர்களோ, முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துபோகும். நாளைக்குப் பள்ளி உண்டு என்பதில் மாற்றமில்லை, அதை அரை மணி நேரம் கழித்துச் சொல்லலாம்.

கொதிக்கிற நேரத்தில் உடனே என்ன செய்வது?

அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர். குனிந்து, மூச்சைப் பிடித்து, கண்ணும் கன்னமும் நனைகிற மாதிரி முகத்தை வைத்து 15 முதல் 30 விநாடி. நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பு தானாகக் குறைகிறதே, அதே அனிச்சைச் செயல்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஐஸ் மாதிரி உறைய வேண்டாம், 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறோ சாப்பாட்டை ஒதுக்கும் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. முக்கியமாக, சண்டை நடுவே "போ, மூஞ்சியைத் தண்ணில வை" என்று சொல்லிவிடாதீர்கள், பாத்திரம் உங்கள் மேல் வரும். சும்மா இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள்.

உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு, எல்லை தெரிந்து எதிர்பார்த்தால். ஆஸ்லோவில் 77 பிள்ளைகளை வைத்து 19 வாரம் செய்த ஆய்வு 2014-இல் வந்தது, அமெரிக்காவில் 173 பேரை வைத்துச் செய்தது 2018-இல். இரண்டிலும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. அமெரிக்க ஆய்வில் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெளிவாக இருந்தது, ஒரு வருடத்தில் மற்ற சிகிச்சை பெற்றவர்களும் தேறிவிட்டதால் இடைவெளி சுருங்கிவிட்டது. இவர்கள் ஏற்கெனவே காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகள். கதவை ஓங்கிச் சாத்துகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தேவையில்லை.

கணவர் வரமாட்டேன் என்கிறார்.

நீங்கள் மட்டும் வாருங்கள், அல்லது பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பாட்டியைக் கூட்டிவாருங்கள். வீட்டுப்பாடத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். தண்ணி பாட்டில் எடுக்க வரும்போது எப்படியும் படிப்பார்.