செடிச்சுவர்: காற்றுக்கு வேண்டாம், அம்மாவுக்கு வைக்கலாம்

கேள்வி: சென்னையில் 2-வது மாடி ஃப்ளாட். அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் வலியால் வெளியே போவதில்லை. ஹாலில் 8 அடிக்கு 6 அடி செடிச்சுவர் (சுவரில் வரிசையாகச் செடிகளைப் பொருத்தி வளர்ப்பது) வைத்தால் காற்று சுத்தமாகும், அம்மாவின் மனசுக்கும் நல்லது என்கிறார் ஒரு ஏஜென்ட். வைக்கலாமா? சுவரில் ஓதம் ஏறுமா?

பதில்: மனசுக்கு நல்லது என்பது சரி. காற்று சுத்தமாகும் என்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். இவர்கள் எடுத்துக்காட்டும் நாசா ஆய்வு 1989-ல் வந்தது. காற்றுப் புகாத பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. உங்கள் ஹாலில் கதவும் ஜன்னலும் திறந்து மூடுகின்றன. அந்த வகை ஆய்வுகளைச் சேர்த்து 2019-ல் கணக்குப் போட்டார்கள். பெயின்ட், பாலிஷ் போன்றவற்றின் ரசாயன ஆவியை வெளியேற்றச் சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகளே செய்ய, தரையில் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிவரை வேண்டுமாம். "காற்றைச் சுத்திகரிக்கும்" என்று கொட்டேஷனில் எழுதியிருந்தால் அந்த ஆளை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

48 சதுர அடி வேண்டவே வேண்டாம். ஈரம் ஏறினால் சதுர மீட்டருக்கு 40, 50 கிலோ என்று மொத்தம் 200 கிலோ சுவரில் தொங்கும். தண்ணீர் பாய்ச்சப் பம்பு வைத்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மேல்வரிசை காயும், கீழ்வரிசை அழுகும். போர்வெல் உப்பு சொட்டுக்குழாயை அடைத்துக்கொள்ளும். செடி செத்தால் மாற்றித்தர வருடாந்தரப் பராமரிப்பு என்று தனியாகக் கறப்பார்கள். வெளிச்சமில்லாத சுவரில் செடி சாகும் என்பது அவர்களுக்கு முதல்நாளே தெரியும். பிரோஷரில் செடிச்சுவர் படம் போடும் பில்டர்களாவது ஹாலில் ஒரு குழாயும் வடிகாலும் வைக்கிறார்களா? கேட்பாரில்லை.

4 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஒரு கம்பி வலைச் சட்டம் போதும். 5 அங்குலத் தொட்டி வரிசைக்கு 6, மூன்று வரிசை, மொத்தம் 18. கீழ்வரிசை தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பழுத்த இலையைக் கிள்ள வேண்டும். பார்ப்பதைவிட இதுதான் அவருக்குப் பெரிய பலன்.

ஓதத்துக்கு வழி: சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தொட்டி: உள்தொட்டியில் ஓட்டை, வெளித்தொட்டியில் ஓட்டை இல்லை. தேங்காய் நார்த்தூளை இரவு ஊறவைத்து, இரண்டு முறை அலசிப் பிழிந்து உப்பைப் போக்கி, 2 பங்குக்கு 1 பங்கு மண்புழு உரம் கலந்து நிரப்புங்கள். மணி பிளான்ட், சிங்கோனியம் போதும். விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தொட்டிக்கு 100 மில்லி. வெளித்தொட்டியில் தேங்குவதை வாரம் ஒருமுறை கட்டாயம் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீரே போதும்.

மணி பிளான்டில் இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு நீண்டு, மஞ்சள் வரிகள் மறைந்து வெறும் பச்சையானால் வெளிச்சம் போதவில்லை. 20 வாட் எல்இடி டியூப் இரண்டை முன்பக்கமிருந்து தினம் 12 மணி நேரம் எரியவிடுங்கள். மாதம் சுமார் 15 யூனிட் ஆகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அம்மாவுக்கு வீசிங் உண்டா? இருந்தால் 18 தொட்டி கூடாது. ஈர நார்த்தூளின் மேல் வெள்ளையாகப் பஞ்சுபோல் பூஞ்சை படரும். அதன் தூள் மூச்சுக்குழலைக் கிளறிவிடும். ஐந்தாறு தொட்டி மட்டும், திறந்த ஜன்னலோரத்தில், மேலே ஒரு சென்டிமீட்டர் கூழாங்கல் பரப்பி வையுங்கள். மூடிக்கிடக்கும் ஏசி அறையில் ஒன்றுகூட வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செடி வைப்பதற்கு முன் ஒரு வாரமும், வைத்த பின் ஒரு வாரமும் அளவைக் குறித்துப் பாருங்கள். கூடியிருந்தாலோ, இரவில் இருமல் வந்தாலோ, அத்தனையையும் பால்கனிக்கு மாற்றிவிட்டு அம்மாவின் நாற்காலியை அந்தக் கதவோரம் போடுங்கள்.