காட்பாடியில் ரயில் ஏறி ஒரே நாளில் சென்னைப் பாலங்கள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பையன் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குக் கூட்டிப் போய் நல்ல பாலங்களைக் காட்டலாம் என்று நினைக்கிறேன். எங்கெங்கே போகலாம் சார்? ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும்."

மூன்று பாலம் போதும். ஆனால் முதல் பாடம் சென்னையில் இல்லை, திருவலத்தில் இருக்கிறது. காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் மாதிரி ஏதாவது ஒரு வண்டியில் ஏறியதும் பையனை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னையாற்றைத் தாண்டுவீர்கள். 2021 டிசம்பரில் இந்த ரயில் பாலம் பழுதாகி வண்டிகள் ரத்தானது நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. வெள்ளம் பெரும்பாலும் பாலத்தை மேலிருந்து தள்ளி உடைப்பதில்லை, தூணுக்கு அடியில் இருக்கும் மண்ணை அரித்துவிட்டுப் போய்விடும், மேலே எல்லாம் திடமாக இருக்கிற மாதிரியே தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு அடையாறு முகத்துவாரத்தில் உள்ள உடைந்த பாலத்துக்குக் கூட்டிப் போங்கள். 1967-ல் மீனவர்களுக்காகக் கட்டியது, பத்தே வருடத்தில், 1977-ல், வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்டது. பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் குப்பத்திலிருந்து கரையோரமாக நடந்து போகலாம். என்னைக் கேட்டால் சிவில் படிக்கிற பையனுக்கு நகரத்திலேயே இதுதான் முக்கியமான இடம். கான்கிரீட் பெயர்ந்த இடங்களில் கம்பி வெளியே தெரியும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் துரு இடத்தை அடைத்துக்கொண்டு பருக்கும், அந்த அழுத்தத்தில் மேலிருக்கும் கான்கிரீட் செதில் செதிலாகப் பிளக்கும். கடலோரத்தில் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடலை ஏன் அதிகமாக வைக்கச் சொல்கிறார்கள் என்று வகுப்பில் எத்தனை முறை படித்தாலும் இங்கே ஒரு தடவை பார்ப்பதற்கு ஈடாகாது. பாலத்தின் மேல் ஏறவே வேண்டாம், கரையிலிருந்தே எல்லாம் தெரியும். போலீஸ் திருப்பி அனுப்பினால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். இருட்டிய பிறகு அந்தப் பக்கமே வேண்டாம்.

மதிய வெயிலுக்குக் கத்திப்பாரா. கிண்டியிலிருந்து ஆலந்தூருக்கு மெட்ரோவில் போனால் உயரத்திலிருந்து அந்த வளையங்கள் தெரியும். 2008-ல் திறந்த மேம்பாலம். கீழே சதுக்கம் மாதிரி அமைத்திருக்கிறார்கள், அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் வளைவுகளைத் தூண்கள் எப்படித் தாங்குகின்றன என்பது புரியும். அரை மணி நேரம் தாராளம்.

சாயங்காலத்துக்கு நேப்பியர் பாலம். கூவம் கடலில் கலக்கிற இடம், மெரினாவின் வடக்கு முனை. முதலில் 1869-ல் கட்டப்பட்டது. இப்போதைய கான்கிரீட் வில்கள் 1943-ல் வந்தவை, பக்கத்தில் அதே சாயலில் உள்ளது பிற்பாடு சேர்த்தது. 2022 செஸ் ஒலிம்பியாடுக்குச் சதுரங்கக் கட்டம் போட்டார்களே, அதே பாலம்தான். பையனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வளைவின் மேல் பாரம் ஏறினால் இரண்டு முனையும் வெளியே விலகப் பார்க்கும், மலைப்பக்கம் என்றால் பாறை பிடித்துக்கொள்ளும், இந்தச் சேற்றில் எது பிடிக்கிறது? தரைத்தளத்தில் ஓடும் உத்திரம்தான். அது வில்லின் நாண் மாதிரி இரு முனையையும் இழுத்துக் கட்டிவிடுவதால் அடித்தளம் எடையை மட்டும் சுமந்தால் போதும். செங்குத்தாக நிற்கும் கம்பங்கள் வளைவைத் தாங்கவில்லை, தளத்தைத்தான் வளைவிலிருந்து தொங்கவிடுகின்றன. பாதிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஜெமினி மேம்பாலத்தை வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் போதும். பாம்பனை இதோடு சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். அப்புறம், ஞாயிறு மாலை மெரினா பக்கம் நெரிசல் தாங்காது. நேப்பியரிலிருந்து சென்ட்ரல் பக்கம்தானே என்று அசந்துவிடாமல், வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்டோ பிடித்துவிடுங்கள்.